வானத்தில் நான் அடைத்த இரண்டு ஓட்டைகள்

எனக்குக் கண் கூர்மை. அந்தக் கண்ணால்தான் ஒரு முறை என் வீட்டுக்காரரின் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தேன். ஆகையால் அதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். மரத்தில் பால் வெட்டும் வயது வருவதற்கு முன்பே, ரப்பர் ஷீட் போடும் ஸ்டோரில் வேலைக்குப் போட்டுவிட்டார்கள். புகை போட்டு எடுத்த ரப்பர் ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். நல்ல ஷீட் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். பட்டைத் துணுக்கோ மணலோ உள்ளே மாட்டியிருந்தால் கறுப்பாகத் தெரியும். உடனே கத்தரிக்கோலால் அந்த இடத்தை நறுக்கி எடுத்துவிட வேண்டும். காலையிலிருந்து சங்கு ஊதும்வரை இதே வேலை. ஒரு துணுக்கு தப்பினாலும் கங்காணியிடம் திட்டு விழும். நான் திட்டு வாங்கினதில்லை. கறுப்பாக ஒன்று தெரிந்தால் என் கை தானாக அதன்மேல் போய்விடும், அது என்ன ஏது என்று மூளை கேட்பதற்கு முன்பே.

என்னைக் கட்டியவர் ஈப்போவில் சின்னதாக ஒரு போட்டோக் கடை வைத்திருந்தார். கல்யாணமான மூன்றாம் மாதமே என் கண்ணின் கதை தெரிந்து என்னையும் வேலையில் இறக்கிவிட்டார். அந்தக் காலத்தில் படம் பிடிப்பது கண்ணாடித் தகட்டில். தகட்டில் எல்லாமே தலைகீழ். வெளுத்த வானம் கறுப்பாக விழும், கறுத்த தலைமுடி வெள்ளையாக விழும். தகட்டில் ஒரு தூசி உட்கார்ந்திருந்தால் அந்த இடம் மட்டும் ஊசி குத்தினதுபோல வெறும் கண்ணாடியாக நிற்கும். அப்படியே காகிதத்தில் அச்சுப் போட்டால் வானத்தில் கறும்புள்ளி வரும். அதற்காக, தகட்டை ஜன்னலுக்கு நேரே வைத்து, பூனைமுடிபோல மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு ஓட்டையையும் சிவப்பு மை தொட்டு அடைக்க வேண்டும். ரப்பர் ஷீட் போய்க் கண்ணாடித் தகடு வந்தது. மற்றபடி அதே ஜன்னல், அதே நான்.

"வானத்துல ஓட்டை அடைக்கிறவ" என்று என்னைக் கேலி செய்வார்.

நானும் விட மாட்டேன். அவர் ஒரு புளுகு மூட்டை. காம்பாரில் ஈயம் தோண்டிய குட்டையில் படகு நீளத்துக்கு ஒரு மீன் பார்த்ததாக எப்போதோ சொன்னார், அதிலிருந்து தெருவில் அவருக்குப் பெயரே 'பெரிய மீன்' என்று ஆகிவிட்டது. கிந்தா ஆற்றங்கரையில் புலியொன்று தோணிக்குக் காத்து நின்ற கதையும் உண்டு. யாரையும் ஏமாற்ற அல்ல. கேட்கிறவர் முகம் மலர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. ஆனாலும் கட்டியவள் எத்தனை மீனைத்தான் விழுங்குவது?

கடை அப்போது ஈயடித்துக்கொண்டிருந்தது. அதே தெருவில் ஒரு ஜப்பான்காரர் கடை, இரண்டு சீனர் கடை. திரைச்சீலையில் ஏரி, மாளிகை எல்லாம் வரைந்து வைத்திருந்தார்கள். எங்களிடம் ஒரு நாற்காலியும் ஒரு பூச்சட்டியும். இன்னும் ஆறு மாதம் இப்படியே போனால் கடையை மூடிவிட்டுத் தோட்டத்துக்கே போக வேண்டியதுதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் பத்து காஜாவிலிருந்து ஓர் இஞ்சினியர் துரை ஆள் அனுப்பினார். தாப்பாவுக்கு மேலே மலையில் ரோடு போட வழி பார்க்கிறார்கள், மலைச்சரிவுகளைப் படம் பிடிக்க ஆள் வேண்டும் என்று. மற்ற கடைக்காரர்கள் அட்டைக்கடிக்கும் மழைக்கும் பயந்து ஒதுங்கியதால்தான் வேலை எங்களுக்கு வந்தது. காமிராவையும் தகட்டுப் பெட்டிகளையும் சுமந்துகொண்டு இவர் மலையேறினார். ஒவ்வொரு காட்சியையும் இரண்டு தகட்டில் பிடிப்பது இவர் வழக்கம். வழுக்கினால் கண்ணாடி உடையும் அல்லவா? முதல் தகட்டைக் கழுவிப் பார்ப்போம். அது நன்றாக வந்திருந்தால் இரண்டாவதைத் தொடுவதே இல்லை. மருந்தை எதற்கு வீணாக்குவது? அது கறுப்புக் காகிதத்துக்குள் அப்படியே கிடக்கும்.

மூன்று வாரம் கழித்து வந்தார். வந்தவர் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. பாயில் விழுந்தபடியே பேச ஆரம்பித்தார்.

"புள்ள, மேல உச்சிக்கிட்ட யாரோ மரம் வெட்டுற சத்தம் கேட்டுச்சு. டொக்... டொக்... டொக்னு. வர வர வேகமா. அப்புறம் யாரோ கெக்கெக்கேனு சிரிச்சாங்க. போய்ப் பார்த்தா ஒரு ஆளும் இல்ல."

"சரி, படுங்க."

"கேளு. அப்பறம் ரெண்டு மயிலு பறந்து வந்துச்சு. இவ்ளோ நீள வாலு. பள்ளத்தாக்கு மேல ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வந்து, ஆகாயத்துலேயே மண்டையோட மண்டை மோதுச்சு. டக்குனு சத்தம். நான் படம் புடிச்சிட்டேன்லா."

வெட்ட ஆளில்லாத மரம். சிரிக்க ஆளில்லாத சிரிப்பு. மலையுச்சியில் மயில். அதுவும் ஆட்டுக்கடா மாதிரி முட்டிக்கொள்ளும் மயில். நெற்றியில் ஈரத்துணியைப் போட்டேன். மீனும் புலியும் காய்ச்சலில் ஒன்றாகக் கலந்துவிட்டது என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொன்னார். இந்தக் கதையை மலையிலேயே இஞ்சினியர் துரையிடம் அளந்திருக்கிறார். துரை சிரித்துவிட்டு, "படத்தில் இருந்தால் கொண்டு வா. அடுத்த மாதம் என் சிநேகிதர் ஒருவர் பறவைகளை ஆராய மலைக்குப் போகிறார். ஆறு மாத வேலை. பறவையைப் படம் பிடித்த காமிராக்காரன் என்றால் உன்னையே அழைத்துப் போவார்" என்றாராம். ஆறு மாத வேலை என்ற சொல் மட்டும் என் காதில் நன்றாக ஏறியது.

இவர் படுத்த படுக்கையாகக் கிடந்ததால் தகடுகளை நானே கழுவினேன். நானே மை வைத்தேன். ஒரு தகட்டில் மலைமுகடு அழகாக விழுந்திருந்தது, அதற்கு மேலே அகலமான வானம். அந்த வானத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்றுக்குப் பின்னால் மயிரிழைபோல ஒரு கோடு. பெட்டிக்குள் முடி விழுந்திருக்கிறது, இந்த ஆளுக்கு எத்தனை தடவை சொன்னாலும் பெட்டியைத் துடைக்கத் தெரியாது என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டையும் அடைத்தேன். அச்சுப் போட்டால் வானம் சலவை வேட்டிபோல இருந்தது. துரையின் பியூன் வந்து படங்களை வாங்கிப் போனான். நல்ல வேலை செய்தோம் என்று எனக்கு அன்றைக்கு மனநிறைவு.

காய்ச்சல் விட்டு நாலு நாளில் துரை கூப்பிட்டனுப்பினார். இவர் கஞ்சி குடித்த உடம்போடு ரயிலேறிப் போனார். மத்தியானம் திரும்பியவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆகாயம் காலியா இருக்கு புள்ள. துரை பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தாரு. ஒண்ணுமில்ல. காமிராவுக்குக் காய்ச்சல் வராது, உனக்குத்தான் வந்திருக்குன்னாரு. இல்லாததப் பாக்குறவன நம்பி எப்படி அனுப்புறதுன்னு கேட்டாரு. அடுத்த வேலைக்கு வேற கடைய பாத்துக்கிறாராம்."

நான் வழக்கம்போல வெடித்தேன். வாய் சும்மா இருந்ததா, மயில் கியில் என்று அளக்காமல் இருந்திருந்தால் ரோட்டு வேலையாவது நிலைத்திருக்குமே என்று கத்தினேன். அவர் கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "நான் பாத்தேன்னுதான் நெனச்சேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

அதுதான் என்னைத் தைத்தது. அந்த மனிதர் தன் மீனைக்கூட ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

சாயங்காலம் அவர் அசந்து தூங்கும்போது அந்தத் தகட்டை எடுத்து ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். கறுத்த வானத்தின் நடுவே இரண்டு சிவப்புப் பொட்டு. நான் வைத்தவை. மற்றத் தகடுகளையும் எடுத்துப் பார்த்தேன். அவற்றில் நான் அடைத்த ஓட்டைகள் எல்லாம் உருண்டையாகச் சிதறிக் கிடந்தன. இவை இரண்டு மட்டும் நீளவாட்டில், பக்கம் பக்கமாக, ஒரே திசை பார்த்து நின்றன. எந்தத் தூசி இப்படி ஜோடி போட்டுக்கொண்டு போகும்?

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் இரண்டு நாள் மறைத்தேன். பயம் ஒரு பக்கம். இத்தனை வருஷமாக அவரைப் புளுகு மூட்டை என்று வாய் கிழியச் சொல்லிவிட்டு இப்போது நானே பொய்ப் படம் போட்டுக் கொடுத்தேன் என்று சொல்ல வெட்கம் இன்னொரு பக்கம். அந்த இரண்டு நாளும் அவர் ஒரு கதையும் சொல்லவில்லை. பக்கத்துக் கடைக்காரர் "என்னா பெரிய மீன், சேதி என்ன?" என்று கேட்டதற்குக்கூட "ஒண்ணுமில்ல அண்ணே" என்று உள்ளே வந்துவிட்டார். வீடு எழவு வீடு மாதிரி இருந்தது. அவர் புளுகு இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை தகட்டைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

"இருந்துச்சுங்க. நான்தான் தூசின்னு நெனச்சு அடைச்சிட்டேன்."

அவர் தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான் சொன்னதுக்கு முன்னாடியா அடைச்ச, பின்னாடியா?"

"பின்னாடி."

"அப்ப நான் சொன்னத நீ நம்பல."

"நம்பல."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டி ஆறியிருப்பேன். அவர் எழுந்து போய், ஈரப் பஞ்சைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நீ வச்ச பொட்ட நீயே அழி."

தகட்டின்மேல் வார்னிஷ் பூசியிருந்ததால் மை உள்ளே ஊறாமல் சுலபமாகக் கரைந்தது. பூதக்கண்ணாடியை வைத்து இருவரும் தலையோடு தலை இடிக்கப் பார்த்தோம். ஒவ்வொன்றும் மிளகளவுகூட இல்லை. ஆனால் சிறகு தெரிந்தது. வால் தெரிந்தது.

"மயிலு," என்றார்.

"மயிலுக்கு இவ்வளவு பெரிய மண்டை ஏதுங்க? மயில் வாலு விசிறி மாதிரி இருக்கும். இது பட்டத்து வாலு மாதிரி ஒத்தையா நீளுது. தலைமேல கல்லு வச்ச மாதிரி இருக்கு பாருங்க."

"நேர்ல பாத்தது நானா நீயா?"

சண்டை பழைய சுதியில் ஏறிக்கொண்டிருந்தபோதுதான், தினமும் குவே பலகாரம் விற்க வரும் மலாய்க்கார அம்மாள் வாசலில் கூடையை இறக்கினார். வயசானவர், அத்தை என்ற பொருளில் நான் மக்சீக் என்று கூப்பிடுவேன். எதற்கு இந்தச் சத்தம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மரம் வெட்டும் சத்தம், பிறகு சிரிப்பு என்று நான் சொல்லி முடிக்கவில்லை, அவர் தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அது 'தெபாங் மெந்துவா' என்றார். மாமியார் வீட்டை வெட்டினவன் என்று அர்த்தம். ஒருவனுக்கு மாமியாரைப் பிடிக்காதாம். அவள் வீட்டைத் தாங்கி நின்ற மரக்கால்களைக் கோடரியால் வெட்டினானாம், டொக், டொக் என்று. வீடு சாய்ந்து அவள் விழுந்ததும் கெக்கெக்கே என்று சிரித்தானாம். அதற்குத் தண்டனையாகப் பறவையாகிப் போனான். இன்றைக்கும் காட்டில் வெட்டிச் சிரித்துக்கொண்டே திரிகிறான். தலையில் கல்போலக் கொம்பு, நீள வால், ஆகாயத்தில் மண்டையை முட்டிக்கொள்ளும், எல்லாம் உண்டு. அவருடைய ஊரில் சத்தத்தைக் கேட்காதவர் இல்லை, ஆனால் கண்ணால் பார்த்தவர் குறைவு என்றார்.

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மூன்று பொய்யும் மூன்று நிஜமாகிவிட்டது. மயில் மட்டும் போயிற்று.

"வாங்க, இப்பவே துரைகிட்ட போலாம்," என்றேன்.

அவர் தலையாட்டினார். "நம்ப மாட்டாரு புள்ள. அழிக்கத் தெரிஞ்சவளுக்கு வரையத் தெரியாதான்னு கேப்பாரு. கத்தியால சுரண்டி ஓட்டை போட்டோம்பாரு."

அதுவும் சரிதான். என் கை பட்ட தகட்டை இனி யார் நம்புவார்? அப்போதுதான் எனக்கு அலமாரியில் கறுப்புக் காகிதத்துக்குள் கிடக்கும் இரண்டாவது தகடு ஞாபகம் வந்தது. அதே காட்சி, கழுவாதது. வெளிச்சமும் படவில்லை, என் கையும் படவில்லை.

"பறவை அதுல இருக்குமாங்க?"

"திரும்பி வந்தப்ப புடிச்சது. இருக்கணும்." கொஞ்சம் யோசித்து, "தெரியல," என்றார். புளுகத் தெரிந்தவர் அன்றைக்குப் புளுகவில்லை.

மறுநாள் இருவருமாகப் பத்து காஜா போனோம். துரை பங்களா வராந்தாவில் இஞ்சினியர் துரையோடு மூக்குக்கண்ணாடி போட்ட இன்னொரு வயதான துரையும் உட்கார்ந்திருந்தார். அவர்தான் பறவை துரை. நான் செய்த தப்பையும், கழுவாத இன்னொரு தகடு இருப்பதையும் நானே மலாயில் சொன்னேன். இஞ்சினியர் துரை, மை அழித்த தகட்டில் நாங்கள் போட்ட புது அச்சை மேலாகப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரர் பயந்தபடியே சொன்னார்: "நேற்று அழித்தவள் இன்று வரைந்திருக்கிறாள்."

இவர் திரும்பிப் போகக் காலெடுத்து வைத்தார். நான் முழங்கையால் இடித்தேன். "அந்தச் சத்தத்த போட்டுக் காட்டுங்க."

"இங்கயா?"

"போடுங்கறேன்ல."

துரைமார் வராந்தாவில் நின்றுகொண்டு, வேட்டியை இழுத்துச் சரிசெய்து, டொக் என்றார். மறுபடி டொக். வேகம் கூடக் கூடக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கடைசியில் கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு. தோட்டத்துப் பக்கம் நாய் குரைத்தது. இஞ்சினியர் துரை வாய்விட்டுச் சிரித்தார். பறவை துரை சிரிக்கவில்லை. பாதி உறிஞ்சின தேநீரைக் கீழே வைத்தார். "எந்த உயரத்தில் கேட்டாய்?" என்று மலாயில் கேட்டார். இவர் சொன்னார். பறவை துரை என் பக்கம் திரும்பி, "அந்த இன்னொரு தகடு எங்கே?" என்றார்.

அன்றைக்கே எங்கள் கடைக்கு வந்துவிட்டார். கடைக்குப் பின்னால் இருட்டறை, மூன்று பேர் நின்றால் மூச்சு முட்டும். சிவப்பு விளக்கை ஏற்றினோம். கறுப்புக் காகிதத்தை அவரே பிரிக்கட்டும், மருந்துத் தட்டையும் அவரே ஆட்டட்டும் என்று சொல்லிவிட்டு, நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

மருந்தில் தகடு வெள்ளையாகக் கிடந்தது. வானம் மெல்ல மெல்லக் கறுக்கத் தொடங்கியது. நான் பிள்ளையாரிலிருந்து முனீஸ்வரன்வரை ஒருவரையும் விடவில்லை. வானம் முழுதும் சமமாகக் கறுத்துக்கொண்டே வந்தது, சுத்தமாக, நான் இத்தனை வருஷமாக விரும்பினபடியே. முதல் தடவையாக ஒரு சுத்தமான வானத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

"அதோ," என்றார் என் வீட்டுக்காரர்.

முகட்டுக்குக் கொஞ்சம் மேலே இரண்டு இடம் மட்டும் கறுக்க மறுத்தது. முன்னதைவிடப் பெரிதாக, மொச்சைக்கொட்டை அளவில். தகட்டைக் கழுவி, படம் நிலைக்க உப்பு மருந்தில் போட்டு எடுத்து, ஜன்னலுக்குக் கொண்டுவந்தோம். பறவை துரை பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு பறவைகள் எதிரும் புதிருமாக, மண்டையோடு மண்டை ஒட்டினாற்போல. பின்னால் வால்கள், சிறகுக்கு அப்பால் நீண்டு.

"மயில் இல்லை," என்றார் அவர்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றேன்.

மக்சீக் சொன்ன அதே பறவையின் பெயரைத்தான் அவரும் சொன்னார். காட்டில் சத்தம் கேட்டுக் கேட்டே தேடி அலைந்திருக்கிறாராம். அவ்வளவு உயரத்தில் அது இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லையாம். அது முட்டுவதை ஒரு படத்தில் பார்ப்போம் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, எப்போது கிளம்பலாம் என்று கேட்டார். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த ஆறு மாதமும் போய் வந்தார். அதற்குப் பிறகும் போனார். கடை நிலைத்தது. மீன் இன்னும் நீண்டது, புலி தோணியே ஓட்டியது. நானும் விடாமல் திட்டினேன்.

ஆனால் தகட்டு வேலையில் ஒரு வழக்கம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ வானங்களில் எத்தனையோ ஓட்டைகளை அடைத்தேன். ஒவ்வொரு முறையும் தூரிகையை மையில் தொட்டுவிட்டு, அடைப்பதற்கு முன் கூப்பிடுவேன்: "ஏங்க, இது தூசியா, உங்க மயிலா?" கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வருவார். கண்ணாடியை வாங்கி நிதானமாகப் பார்ப்பார். "தூசிதான் புள்ள, அடைச்சிடு," என்பார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் என்னிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. நானும் அவர் சொன்ன பிறகுதான் அடைத்தேன்.